பாரிஸ், ரோம், வியன்னா: திருமண நாள் விருந்துக்கு உணவகம் எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஜூனில் பாரிஸ், ரோம், வியன்னா என்று பன்னிரண்டு நாள் பயணம். 25ஆவது திருமண நாளும் அதற்குள் வருகிறது. ஊருக்கு ஒன்றாக மூன்று இரவு நன்றாகச் சாப்பிட வேண்டும். உங்கள் மனைவி முட்டைகூடச் சேர்க்காத சைவம், நீங்கள் எல்லாம் சாப்பிடுபவர். மிஷ்லின் உணவகக் கையேட்டில் நட்சத்திரம் வாங்கிய இடத்துக்குப் போவதா, ஈஃபில் டவர் தெரிகிற இடத்துக்குப் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். உணவகத்தின் பெயரைக் கேட்பதுபோல் இருந்தாலும் உங்கள் கேள்விக்குள் இருக்கும் கவலை வேறு என்று நினைக்கிறேன். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே அளவு மகிழ்ச்சியோடு எழுந்துவர வேண்டும், கொடுத்த பணம் பிறகு உறுத்தக்கூடாது. பயணிகளுக்கு இப்படிப்பட்ட விருந்துகளை ஏற்பாடு செய்து தரும் வேலையில் இருப்பதால் ஒன்றை உறுதியாகச் சொல்ல முடியும். இந்த மாதிரி இரவுகள் சமையல் சரியில்லாமல் கெடுவது அபூர்வம். தவறான நாளில் வைத்ததாலும், சாப்பாட்டுக் கட்டுப்பாட்டைச் சமையலறைக்குச் சரியாகச் சொல்லாததாலும்தான் கெடுகின்றன. ஆகவே உணவகத்தைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள். எந்த இரவு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

ஜூனில் பாரிஸ், ரோம், வியன்னா மூன்றும் நம் நேரத்துக்கு மூன்றரை மணி நேரம் பின்னால் இருக்கும். அங்கே இரவு 9 மணிக்கு முதல் தட்டு வரும்போது உங்கள் உடம்புக்கு நள்ளிரவு பன்னிரண்டரை. டேஸ்டிங் மெனு என்கிற, சின்னச் சின்னத் தட்டுகளாக ஏழு முதல் பன்னிரண்டு வரை வரும் விருந்து மூன்று மணி நேரமாவது எடுக்கும். அதாவது டெசர்ட் வரும் நேரம் ஊரில் விடியற்காலை மூன்று, மூன்றரை. இறங்கிய முதல் இரண்டு இரவுகளில் இதை வைத்தால் பாதியிலேயே கண் சொருகிவிடும். ஊர் மாறும் நாளிலும் வேண்டாம். விமானம் இரண்டு மணி நேரம் தாமதமானால் மேசையும் போகும், முன்பணமும் போகும். மறுநாள் விடியற்காலை விமானம் பிடிக்க வேண்டிய இரவும் சரிப்படாது. ஒவ்வொரு ஊரிலும் இரண்டாவது அல்லது மூன்றாவது இரவு, பாரிஸ் முதல் ஊர் என்றால் அங்கே மூன்றாவது இரவு அல்லது அதற்குப் பிறகு, என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது கிழமை. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல்களுக்கு நல்ல வியாபாரம். ஐரோப்பாவில் நல்ல சமையலறைகள் பல ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும். பாரிஸின் பெரிய உணவகங்கள் சில சனி, ஞாயிறு இரண்டும் விடுமுறை விட்டு வார நாட்களில் மட்டும் இயங்குகின்றன. வியன்னாவில் ஷ்டாட்பார்க் பூங்காவுக்குள் இருக்கும் ஷ்டைரரெக் மூன்று நட்சத்திர உணவகம், அதுவும் வார நாட்களில்தான். ஜூன் 2 இத்தாலி முழுவதும் குடியரசு நாள் விடுமுறை, ஜூன் 29 ரோம் நகரத்துக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை. திருமண நாள் ஞாயிற்றுக்கிழமை விழுந்தால், திறந்திருப்பதில் ஏதோ ஒன்று என்று போவதைவிட விருந்தைச் செவ்வாய் அல்லது புதனுக்குத் தள்ளுவது நல்லது. செவ்வாய் முதல் வியாழன் வரை மேசை கிடைப்பதும் சுலபம், சமையலறையும் சனிக்கிழமை நெரிசல் இல்லாமல் உங்கள் வேண்டுகோளைக் கவனிக்கும்.

மூன்று விருந்தையும் ஒரே தரத்தில் வைக்காதீர்கள். பன்னிரண்டு நாளில் மூன்று டேஸ்டிங் மெனு சாப்பிட்டால் மூன்றாவதில் நாக்கு சோர்ந்துபோகும், எது எந்த ஊர் என்பதே கலங்கிவிடும். ஒன்று பெரியது, ஒன்று நடுத்தரம், ஒன்று அந்த ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு போகிற எளிய இடம் என்று பிரியுங்கள். பெரியதை இரவில்தான் வைக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பாரிஸில் நட்சத்திர உணவகங்கள் பலவற்றில் மதிய மெனு உண்டு. அதே சமையலறை, அதே மேசை விரிப்பு, தட்டுகள் குறைவு, விலை பெரும்பாலும் இரவில் பாதிக்குப் பக்கத்தில். பகல் 1 மணிக்கு உட்கார்ந்தால் உங்கள் உடம்புக்கு மாலை நாலரை, நல்ல பசி நேரம். முதல் ஊரிலேயே பெரிய விருந்து வைக்க நேர்ந்தால் அதை மதியமாக்கிவிடுங்கள்.

இப்போது நட்சத்திரம். மிஷ்லின் டயர் நிறுவனம் 1900இல் வாகன ஓட்டிகளுக்காகத் தொடங்கிய கையேடு அது. 1926இல் நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள், 1931இல் ஒன்று, இரண்டு, மூன்று என்று படி வைத்தார்கள். ஒன்று என்றால் அந்த வழியில் போனால் நின்று சாப்பிடலாம், இரண்டு என்றால் வழியை மாற்றிக்கொண்டு போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம். நட்சத்திரம் தட்டில் இருப்பதற்கு மட்டும்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பொருளின் தரம், செய்நேர்த்தி, சுவைகளின் இணக்கம், செஃபின் தனித்தன்மை, எப்போது போனாலும் ஒரே தரம் என்ற ஐந்தைத்தான் பார்க்கிறார்கள். அறை அழகா, காட்சி உண்டா, மேசைகளுக்கு நடுவே பேசிக்கொள்ள இடைவெளி உண்டா, சைவத்துக்கு என்ன செய்வார்கள் என்பதெல்லாம் அதில் சேராது. குறைந்த விலையில் நல்ல சமையலுக்கு அவர்களே கொடுக்கும் பிப் கூர்மோன் என்ற அடையாளம் உங்கள் நடுத்தர விருந்துக்கு நட்சத்திரத்தைவிட உபயோகமானது. இத்தாலிக்கு மிஷ்லினை மட்டும் நம்ப வேண்டாம். ஸ்லோ ஃபுட் அமைப்பு 1990 முதல் வெளியிடும் உணவகக் கையேட்டில் நத்தைச் சின்னம் பெற்ற இடங்களும், காம்பெரோ ரோஸ்ஸோ கையேட்டில் மூன்று இறால் சின்னம் பெற்ற த்ராத்தோரியா என்ற எளிய உணவகங்களும் அந்த ஊர்ச் சமையலை நன்றாகக் காட்டும். ஆஸ்திரியாவுக்கு கோ எ மியோ கையேடு பயன்படும். மிஷ்லின் பல ஆண்டுகள் வியன்னாவையும் ஸால்ஸ்பர்க்கையும் மட்டும் பார்த்துவிட்டு 2025 பதிப்பில்தான் அந்நாடு முழுவதற்கும் திரும்பி வந்தது.

உங்கள் விஷயத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமானது சைவம். அங்கே சைவம் என்று மட்டும் சொன்னால் மீன் வரலாம், கோழி எலும்பு வேகவைத்த சாற்றில் செய்த சூப் வரலாம். மாமிசத் துண்டு தட்டில் இல்லை என்பதே அவர்களுக்குப் போதுமானதாகத் தோன்றலாம். ரிசோட்டோ என்ற இத்தாலியச் சோறு, சூப், சாஸ் இந்த மூன்றிலும் ஸ்டாக் என்ற எலும்புச் சாறு ஒளிந்திருக்கும். பன்னகோட்டா, மூஸ் போன்ற டெசர்ட்களில் விலங்குத் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் இருக்கலாம். சீஸில் வேறு சிக்கல். பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால்தான் உறைய வைக்க வேண்டும், பெக்கொரினோ ரொமானோவை ஆட்டுக்குட்டியின் உறைபொருளால் உறைய வைக்க வேண்டும் என்பது அந்தப் பெயர்களுக்கான விதி. பல சைவர்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. உங்கள் மனைவி பொருட்படுத்துவார் என்றால் அதை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ரோமின் புகழ்பெற்ற காச்சோ எ பெப்பே பாஸ்தாவில் சேர்வது அந்தப் பெக்கொரினோவும் மிளகும்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பர் முதல் எல்லா உணவகங்களும் பதினான்கு ஒவ்வாமைப் பொருட்களைப் பற்றிக் கேட்டால் தெரிவிக்க வேண்டும். முட்டை, பால், மீன், இறால் வகை, சிப்பி வகை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஆஸ்திரிய மெனுக்களில் உணவின் பெயருக்குப் பக்கத்தில் சின்ன ஆங்கில எழுத்துகள் இருக்கும்: ஏ என்றால் கோதுமை போன்ற தானியம், சி என்றால் முட்டை, டி என்றால் மீன், ஜி என்றால் பால். முட்டை விலக்குபவருக்கு இது பெரிய உதவி. ஆனால் இறைச்சி அந்தப் பதினான்கில் கிடையாது. ஆகவே மாட்டு எலும்புச் சாறும், பன்றித் தோலில் எடுத்த ஜெலட்டினும் எந்தக் குறியீட்டிலும் தெரியாது. வாய்விட்டுக் கேட்டால்தான் உண்டு.

அதனால் முன்பதிவுப் பெட்டியில் ஒரு வார்த்தை எழுதி விடாமல் தனி மின்னஞ்சல் அனுப்புங்கள். அதில் இருக்க வேண்டியது இதுதான்: இருவரில் ஒருவர் இறைச்சி, கோழி, மீன், கடல் உணவு, முட்டை, இவற்றில் செய்த ஸ்டாக், ஜெலட்டின் எதுவும் சாப்பிடமாட்டார், பால், வெண்ணெய், தயிர், சீஸ் சாப்பிடுவார், இது ஒவ்வாமை அல்ல, உணவுப் பழக்கம், எல்லாத் தட்டுகளையும், டெசர்ட் உட்பட, இப்படிச் செய்ய முடியுமா? முடியாவிட்டால் முடியாது என்று சொல்லிவிடுங்கள், வருத்தப்படமாட்டோம். அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அதைப் பார்த்தால்தான் நேர்மையான பதில் வரும். ஒவ்வாமை என்று பொய் சொல்லவும் வேண்டாம். சமையலறை பாத்திரம், கத்தி எல்லாவற்றையும் பிரித்து வைத்துத் தேவையில்லாமல் திண்டாடும், சில இடங்கள் பொறுப்பேற்க மறுத்துவிடும். பதிலைப் படிக்கும் விதமும் உண்டு. எந்தத் தட்டு எப்படி மாறும் என்று எழுதினால் நம்பிப் போகலாம். கவலை வேண்டாம், பார்த்துக்கொள்கிறோம் என்று ஒரே வரியில் வந்தால் இன்னொரு முறை கேளுங்கள். முட்டையில்லாத டெசர்ட்தான் உண்மையில் கஷ்டமான பகுதி. கேக், கஸ்டர்ட், சூஃப்லே, பல ஐஸ்கிரீம்கள் எல்லாம் முட்டையில் நிற்பவை. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் பந்தியில் பாயசம் வராத இலைபோல, கடைசியில் அவருக்குப் பழத்துண்டுகள்தான் வரும்.

இதையெல்லாம் வைத்துப் பார்த்தால், சைவம் ஒரு மாற்று ஏற்பாடாக இல்லாமல் சமையலின் நடுவிலேயே இருக்கும் இடத்தைப் பெரிய விருந்துக்கு எடுப்பதுதான் உங்களுக்குச் சரி. பாரிஸில் ரூ த வரென் தெருவில் இருக்கும் லார்பேஜ் அப்படிப்பட்டது. செஃப் அலேன் பஸார் நடத்துகிறார், 1996 முதல் மூன்று நட்சத்திரம். 2001இல் சிவப்பு இறைச்சியை விட்டுக் காய்கறிப் பக்கம் திரும்பினார். 2025 ஜூலையில் தேன் தவிர மற்ற விலங்குப் பொருட்கள் அனைத்தையும் நிறுத்திவிட்டார். அதாவது முட்டை, பால் பிரச்சினையே அங்கு இல்லை, உங்கள் மனைவி எதையும் விசாரிக்காமல் முழு மெனுவும் சாப்பிடலாம். நீங்கள் அன்று இறைச்சியை மறக்க வேண்டும், இரவுக்கு ஒருவருக்கு 400 யூரோவைத் தாண்டும், இந்த இரண்டுக்கும் தயார் என்றால் திருமண நாளுக்கு இதைத்தான் சொல்வேன். செலவு அதிகம் என்று தோன்றினால் வியன்னாவில் தியான். செஃப் பௌல் இவிச்சின் நட்சத்திர உணவகம், முழுக்கச் சைவம், விலை பாரிஸைவிடக் கணிசமாகக் குறைவு. ஆனால் முட்டை உபயோகிக்கும் சமையலறை, ஆகவே மேலே சொன்ன மின்னஞ்சல் அங்கும் தேவை. எந்த உணவகமானாலும் பதிவு செய்யும் நாளில் அவர்களுடைய சொந்தப் பக்கத்தில் மெனுவையும் விலையையும் பாருங்கள். செஃப் மாறினாலே எல்லாம் மாறிவிடும்.

ரோமில் எளிய விருந்து வையுங்கள். அந்த ஊரின் சிறப்பு த்ராத்தோரியாக்களில்தான் இருக்கிறது. முட்டை விலக்குபவருக்கு அங்கே ஒரு சூத்திரம்: காயவைத்த பாஸ்தாவில், அதாவது ஸ்பகெட்டி, ரிகத்தோனி வகைகளில், பொதுவாக ரவையும் தண்ணீரும்தான். அன்றன்று பிசைந்த தொன்னரெல்லி, ஃபெத்துச்சினே, ரவியோலியில் பெரும்பாலும் முட்டை சேரும். உங்களுக்கு ஓர் எச்சரிக்கை: முழு மீனின் விலை மெனுவில் பெரும்பாலும் நூறு கிராமுக்குப் போடப்பட்டிருக்கும். 8 யூரோ என்று பார்த்து ஆர்டர் செய்தால் எண்ணூறு கிராம் மீனுக்கு 64 யூரோ வரும். சமைப்பதற்குமுன் எடை போட்டுச் சொல்லச் சொல்லுங்கள், அது வழக்கம்தான். வியன்னாவில் பைஸ்ல் எனப்படும் பாரம்பரிய எளிய உணவகங்கள் உங்களுக்கு விருந்து, உங்கள் மனைவிக்குச் சோதனை. சைவமாகத் தோன்றும் ஷ்பெட்ஸ்லெ என்ற சிறு மாவுத் துண்டுகள், பல வகைக் க்னோடல் என்ற உருண்டைகள், கைஸர்ஷ்மார்ன் என்ற இனிப்பு அப்பம் எல்லாவற்றிலும் முட்டை உண்டு. இழுத்து மெலிதாக்கிய மாவில் செய்யும் ஆப்பிள் ஷ்ட்ரூடலில் பெரும்பாலும் இருக்காது, ஆனாலும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காட்சி தெரிகிற இடத்தைப் பற்றி. ஈஃபில் கோபுரத்தின் இரண்டாவது தளத்தில் இருக்கும் ல ஜூல் வெர்ன் இரண்டு நட்சத்திர உணவகம், தனி லிஃப்ட் உண்டு, நகரம் முழுவதும் கீழே விரியும். ஆனால் கோபுரத்துக்குள் உட்கார்ந்தால் கோபுரம் தெரியாது. கோபுரத்தைப் பார்த்தபடி சாப்பிட வேண்டுமென்றால் கே பிரான்லி அருங்காட்சியகத்தின் மொட்டைமாடியில் இருக்கும் லேஸோம்ப்ர் போன்ற இடத்துக்குப் போக வேண்டும். இன்னொன்று, ஜூனில் பாரிஸில் சூரியன் மறையவே கிட்டத்தட்ட 10 மணி ஆகும். ஏழரைக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்கும்வரை பகல் வெளிச்சம்தான், விளக்கு அலங்காரத்தைப் பார்க்க முடியாது. ஒன்பது மணிக்குப் பிந்தைய நேரத்தைக் கேளுங்கள். ஜன்னலோர மேசையைக் கேட்கலாம், ஆனால் சில இடங்களே அதற்கு உறுதி தருகின்றன. உறுதியில்லாத காட்சிக்காகக் கூடுதல் விலை கொடுப்பதைவிட, நல்ல சாப்பாட்டைத் தனியாகவும் ஸேன் நதிக்கரை நடையைத் தனியாகவும் வைத்துக்கொள்வதே என் கருத்து.

கையேடுகளில் இல்லாத கடையை இணைய விமர்சனங்களை வைத்துத் தேர்ந்தெடுப்பதானால், சராசரி மதிப்பெண்ணைவிட அந்த நாட்டு மொழியில் கடந்த மூன்று மாதத்தில் எழுதப்பட்டவற்றை மொழிபெயர்ப்புக் கருவியில் படியுங்கள். பில்லின் புகைப்படம் இருந்தால் அதுதான் சிறந்த தகவல். ஆறு மொழிகளில் படம் போட்ட மெனு, வாசலில் நின்று கையைப் பிடித்து அழைக்கும் ஆள், அறுபது எழுபது உணவு வகை, இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் உள்ளே போகாமல் விலகி நடந்துவிடுங்கள்.

முன்பதிவை ஊரிலிருந்து கிளம்புவதற்குள் முடிக்க வேண்டும். பெரிய இடங்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பும், நடுத்தர இடங்கள் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு முன்பும் தேதிகளைத் திறக்கும். பெரும்பாலானவை கார்டு எண்ணைக் கேட்கும். வராமல் போனாலோ கடைசி 24 அல்லது 48 மணி நேரத்தில் ரத்து செய்தாலோ ஆளுக்கு ஒரு தொகை பிடிப்பார்கள். நம் கார்டுகளில்தான் இங்கே தடங்கல் வரும். 2020இல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி புதிய கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை, இணையப் பரிவர்த்தனை இரண்டும் அணைத்தே வரும். வங்கிச் செயலியில் போய் இரண்டையும் இயக்கி, வரம்பையும் உயர்த்துங்கள். டெபிட் கார்டு வேண்டாம், பிணையாக நிறுத்தும் தொகை உங்கள் சேமிப்புக் கணக்கிலேயே முடங்கிவிடும். ஓடிபி இந்திய எண்ணுக்கு வரும், அங்கே போனபிறகு ரோமிங் இல்லாமல் அது கிடைக்காது. விருந்துக்கு ஓரிரு நாள் முன்பு உறுதி கேட்டு மின்னஞ்சல் அல்லது குறுஞ்செய்தி வரும். பதில் போடாவிட்டால் மேசையை வேறு யாருக்காவது கொடுத்துவிடும் இடங்கள் உண்டு, ஆகவே ஸ்பேம் பெட்டியையும் பாருங்கள். கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் தொலைபேசியில் சொல்லிவிடுங்கள்.

செலவில் மெனு விலை ஒரு பகுதிதான். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு ஒயின் என்று எடுத்தால் அதற்கே மெனு விலையில் பாதி முதல் முழு அளவு வரை ஆகலாம். மது வேண்டாம் என்றால் பழச்சாறு, மூலிகைச் சாறு வைத்த மதுவில்லாத வரிசை பல இடங்களில் உண்டு, முன்பே கேளுங்கள். உட்கார்ந்ததும் ஷாம்பெயின் எடுத்துக்கொள்கிறீர்களா என்று விலை சொல்லாமல் கேட்பார்கள். அது உபசாரம் அல்ல, பில்லில் வரும். முதலில் வரும் சிறு தின்பண்டங்களும் கடைசியில் காபியோடு வரும் இனிப்புகளும் மெனுவிலேயே சேர்ந்தவை. பிரான்ஸில் சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கும், குழாய்த் தண்ணீர் ஜாடியில் கேட்டால் இலவசம். இத்தாலியில் ஆளுக்குச் சில யூரோ கோபெர்த்தோ என்ற மேசைக் கட்டணமாக வரும். ரோம் இருக்கும் லாட்ஸியோ மாகாணத்தில் அந்தப் பெயரில் வாங்கக்கூடாது என்பதால் ரொட்டிக்கு என்று போடுவார்கள். வியன்னாவில் ஐந்து முதல் பத்து சதவீதம் டிப்ஸ் கொடுப்பது வழக்கம். கார்டு தேய்ப்பதற்குமுன் டிப்ஸும் சேர்த்த மொத்தத் தொகையை வெயிட்டரிடம் வாயால் சொல்ல வேண்டும். இயந்திரம் ரூபாயா யூரோவா என்று கேட்டால் யூரோவையே தொடுங்கள், ரூபாயில் அவர்கள் போடும் மாற்று விகிதம் உங்களுக்குப் பாதகமானது.

உடையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பட்டுப்புடவை எந்தப் பெரிய உணவகத்திலும் கம்பீரமாகவே இருக்கும். உங்களுக்கு முழுக்கைச் சட்டை, நல்ல பேன்ட், மூடிய ஷூ, பெரிய இடத்துக்கு ஒரு ஜாக்கெட் போதும். நீங்கள் விரும்பிய தேதி நிறைந்திருந்தால் காத்திருப்போர் பட்டியலில் பெயர் கொடுத்து, அதே உணவகத்தில் மதியத்துக்கும் கேட்டு வையுங்கள். அபராதம் தொடங்கும் நேரத்துக்குச் சற்று முன்புதான் மற்றவர்கள் ரத்து செய்வார்கள். ஆகவே விருந்துக்கு மூன்று நாள் முன்பு தொடங்கி முந்தைய நாள்வரை காலையும் மாலையும் முன்பதிவுப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இரண்டு பேருக்கான மேசைதான் அப்போது அதிகம் விடுபடும்.